நாற்பத்திரண்டாவது புகார்

முப்பது வருஷம் ஈரக் காங்கிரீட்டில் மண்டியிட்ட முழங்கால்கள் ஹக்கலாவுடையவை. மழைக்கு முன்னால் வலிக்கும், மழைக்குப் பின்னால் வலிக்கும், மழையே இல்லாத நாளில் சும்மா இருப்பானேன் என்று வலிக்கும். அன்று காலை வண்டிக் கதவைத் திறந்து வலது காலை ஊன்றினார். இடது கால் வர மறுத்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி, சிமெண்ட் மூட்டையை இறக்குவது போல வெளியே இறக்கி வைத்தார்.

"அது எறங்கிருச்சா, இல்ல நாளைக்குத்தான் வருமா?" என்றாள் மேவிஸ்.

"வாயை மூடு."

"கேட்டேன், அவ்வளவுதான். ரெண்டும் சேந்து வந்தாத்தானே பாஸ் நடக்க முடியும்."

மேவிஸ் கிரைனெர்ட் பன்னிரண்டு வருஷம் நகராட்சி அலுவலகத்தில் வீட்டுமனைக் கோப்புகளைப் பார்த்தவள். மேயரிடம் ஏதோ கிண்டலாகச் சொல்லி வேலையைத் தொலைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறொன்றைச் சொல்வாள். இப்போது ஹக்கலாவின் துப்பறியும் அலுவலகத்தில் அவருக்கு அடுத்தபடி அவள்தான். அலுவலகத்தில் மொத்தமே இரண்டு பேர். காங்கிரீட்டை அவர் படிப்பார், காகிதத்தை அவள் படிப்பாள்.

தேடிக்கொண்டிருந்தது கோர்டி லெம்கியை. முப்பத்தாறு வயது, காங்கிரீட் தொழிலாளி. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி பிக்கெட் ஏரிக்கரையில் டால்கார்ட் என்பவனின் மனைக்கு வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. இன்று மே இருபத்து நான்கு. அவனுடைய வண்டி மூன்று மைல் தள்ளி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் நின்றது. ஷெரிஃப் அலுவலகத்தில் 'ஓடிப்போனவன்' என்று எழுதி மூடிவிட்டார்கள்.

"அவன் ஓடறவன் இல்ல," என்று அவன் மனைவி டார்லா ஹக்கலாவின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தாள். "மத்தியானச் சாப்பாட்டுல பாதி சாண்ட்விச்ச எனக்காக மிச்சம் வெச்சு வீட்டுக்குக் கொண்டாறவன் சார். அப்படிப்பட்டவன் எங்க ஓடுவான்?"

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஹக்கலா தொப்பியை எடுத்துவிட்டார். காரணம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டுலூத் பக்கம் ஒரு குழாய்ப் பள்ளத்தின் சுவர் சரிந்து, தலைக்கு மேல் மண் மூடி அவர் உள்ளே போனார். முகத்தில் கவிழ்ந்த தலைக்கவசத்துக்குள் கொஞ்சம் காற்று மட்டும் இருந்தது. எந்திரம் வரட்டும் என்றான் மேஸ்திரி. கோர்டி நிற்கவில்லை. பள்ளத்தில் குதித்து வெறுங்கையால் தோண்டினான். பதினோரு நிமிஷம். அவனுடைய வலது கையில் இரண்டு நகங்கள் பிய்ந்து மண்ணோடு போயின. பிறகு முளைத்தபோது கோணலாக முளைத்தன.

டால்கார்டின் மனை தண்ணீர் வரைக்கும் சரிந்து இறங்கியது. கீழே படகுக் கொட்டகை. அதை ஒட்டிப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு புதுத் தளம்.

"இது அவனோட விண்ணப்பத்துல இல்ல," என்றாள் மேவிஸ், கையிலிருந்த காகிதத்தைத் தட்டி. "ஏரிக்கரை மனைன்னா நூத்துக்கு இருபத்தஞ்சு பங்குதான் தண்ணி எறங்காத தரை இருக்கலாம். கூரை, வண்டிப்பாதை, நடைபாதை எல்லாம் அந்தக் கணக்குல வந்துரும். டால்கார்ட் ஏற்கெனவே இருபத்தஞ்சுல நிக்கிறான். வண்டிப்பாதைய அகலப்படுத்த விதிவிலக்கு கேட்டிருக்கான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நகராட்சியோட மனை வாரியத்துல விசாரணை. இந்தத் தளத்தப் பத்தி மூச்சு விடல."

"திருட்டுத்தனமா போட்டது."

"ஏப்ரல்ல. பனி உருகி ரோடு கொழகொழன்னு இருக்கும்போது கலவை லாரிய இந்தப் பக்கம் விடவே மாட்டாங்க. எப்படிப் போட்டான்?"

"மூட்டை. எழுபது மூட்டையும் ஒரு சின்னக் கலவை எந்திரமும் போதும். டால்கார்ட் மே நாலாம் தேதி வரைக்கும் அரிஸோனா வெயில்ல கெடந்ததா ஊர்ல சொல்றாங்க. வர்றதுக்குள்ள முடிச்சு வெக்கச் சொல்லி கோர்டிகிட்ட விட்டுட்டுப் போயிருக்கான். நடுவுல ஒரு தடவ வந்துட்டுப் போனானான்னு எவனுக்குத் தெரியும்?"

ஹக்கலா கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி மண்டியிட்டார். வலியில் கண்ணில் நீர் வந்தது. உள்ளங்கையைத் தளத்தில் வைத்துத் தடவினார். மேலும் கீழுமாக, பக்கவாட்டில், மூலை வரைக்கும்.

"கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள் மேவிஸ். "நல்லாத்தான் தேச்சிருக்கான்."

"அதான் தப்பு."

"நல்லா தேச்சது தப்பா?"

"நவம்பர்ல இதுல ஐஸ் படிஞ்சா, கால் வெச்சவன் இடுப்பெலும்பு போயிரும். இந்த மின்னசோட்டாவுல வெளித்தளம் போடற எவனும் கடைசில துடைப்பத்த இழுத்து வரிவரியா கோடு விடாம எந்திரிக்க மாட்டான். குடிச்சிருந்தாலும் விடமாட்டான். அப்புறம் இங்க பாரு, விரிசல் கண்டபடி ஓடாம இருக்க நடுவுல ஒரு வெட்டுக்கோடு போடுவோம், அதுவும் இல்ல. அதான் ஒரு மாசத்துக்குள்ள குறுக்கால விரிஞ்சு கெடக்கு." அவர் கை அந்த விரிசலிலேயே நின்றது. "குழி வெட்டினது கோர்டி. சுத்தி ஓரத்துக்குப் பலகை கட்டினது கோர்டி, மூலை எவ்வளவு நேரா இருக்கு பாரு. தேச்சது கோர்டி இல்ல. வேலை தெரியாதவன் எவனோ, வழவழன்னு இருந்தா நல்ல வேலைன்னு நெனச்சிருக்கான்."

மேவிஸ் தளத்தின் மேல் வைத்திருந்த ஒரு காலை மெதுவாகப் புல்லுக்கு இழுத்தாள்.

அப்போது டிக், டிக், டிக் என்று சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு வேலி இடைவெளி வழியாக ஒருவர் நீளக் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். லோவல் ஸ்ட்ராய்க், ஓய்வு பெற்ற பல் டாக்டர், ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். பத்தொன்பது வருஷமாக இந்த ஏரியைச் சுற்றி அந்தச் சக்கரத்தோடு நடக்கிறவர். யார் வீட்டு வாசலில் ஒரு கல் கூடுதலாகப் பதித்தாலும் மறுநாள் நகராட்சிக்குப் புகார் போய்விடும். வெயில் சுட்டெரிக்கும் நாளில் தடித்த கம்பளிக் கால்சட்டை போட்டிருந்தார். முழங்கால் மடங்காமல், துணி உடம்பில் படாமல் பார்த்துக்கொள்கிறவர் போல நடந்தார்.

"என்ன டாக்டர், நீங்களும் எங்க பாஸ் கட்சியில சேந்துட்டீங்களா?" என்றாள் மேவிஸ்.

"விஷக்கொடி பட்டுக் கால் புண்ணாயிடுச்சும்மா. தோட்டத்துல களை எடுத்தேன்." சக்கரத்தை டால்கார்டின் பாதை ஓரத்தில் உருட்டிக் குனிந்து எண்ணைப் பார்த்தார். "ஒன்பது அங்குலம் அதிகம். பாத்தீங்களா? இவன்லாம் சட்டத்துக்கு அடங்கறவன் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையனைத் தேடறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஜாக்கிரதையா இருங்க ஹக்கலா. இந்த டால்கார்ட் எதுக்கும் துணிஞ்சவன்."

சக்கரம் தளத்தின் ஓரம் வரை வந்தது. நின்றது. சுற்றிக்கொண்டு புல் வழியே போனது.

மேலே வீட்டுக் கதவு அறைந்து திறந்தது. டால்கார்ட் வெளியே வந்தான். ஆறடி நாலங்குலம். படகுத்துறை கட்டுகிற தொழில், கழுத்தும் தலையும் ஒரே அகலம். கையில் தட்டை மண்வெட்டி.

"யார்ரா நீ என் எடத்துல?"

"கோர்டி லெம்கி எங்க?" என்றார் ஹக்கலா, மண்டியிட்டபடியே.

"வேலைய முடிச்சுட்டு எவளோடயோ போயிருப்பான். எந்திரி. என் எடத்த நோண்டினா உன்னயும் இங்கயே பொதச்சிருவேன்."

"என்னயும்னா? ஏற்கெனவே யாரயாச்சும் பொதச்சிருக்கியா?"

மண்வெட்டி இறங்கியது. ஹக்கலாவால் எழுந்து ஓட முடியாது, அதனால் உருண்டார். தகடு தளத்தில் பட்டு நெருப்புப் பொறி தெறித்தது. இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ காய்ந்த குச்சி போல நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது. மூன்றாவதற்குக் காத்திராமல் டால்கார்டின் கணுக்காலைக் கட்டிப் பிடித்து இழுத்தார். மலை போன்ற உடம்பு மல்லாந்து விழுந்தது. மேலே ஏறி உட்கார்ந்து குத்தினார். முப்பது வருஷம் மூட்டை தூக்கிய கை. முதல் குத்தில் உதடு கிழிந்தது, இரண்டாவதில் ஒரு பல் எகிறிப் புல்லில் விழுந்தது. டால்கார்ட் அவர் தொண்டையைப் பிடித்தான். பிடி இறுகியது, பார்வை கறுத்தது.

மேவிஸ் ஃபிளாஸ்க்கைத் திறந்து கொதிக்கும் காபியை அவன் காதில் ஊற்றினாள்.

அலறலில் ஏரியிலிருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"டாக்டர்!" என்று வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "பல்லு ஒண்ணு கெடக்கு, உங்களுக்கு வேலை வந்திருக்கு!"

டாக்டரைக் காணவில்லை. வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்.

* * *

வண்டிக்குள் உட்கார்ந்து மேவிஸ் அவர் விலாவைச் சுற்றிப் பட்டைத்துணி கட்டினாள். ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஹக்கலா போன் போட்டார். பேசி முடித்து போனை எறிந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"தளம் வழவழன்னு இருக்கறது குத்தம் இல்லையாம். ஒடைக்கணும்னா வீட்டுக்காரன் சம்மதிக்கணும், இல்ல நீதிபதி உத்தரவு போடணும். இந்த மனையத் தேட உத்தரவு கேட்டு நான் நாலு நாளா நீதிபதி பின்னாடி அலஞ்சாச்சு."

"வீட்டுக்காரன் சம்மதிப்பான்னு தோணல. காதுல இன்னும் காபி இருக்கு அவனுக்கு." பட்டையை இழுத்து முடிச்சுப் போட்டாள். ஹக்கலா பல்லைக் கடித்தார். "ஆனா அவனையே ஒடைக்க வெக்கலாம்."

"எப்படி?"

"வாரியத்துல என்ன பழக்கம்னு தெரியுமா? புதுசா பத்தடி வேணுமா, பழசுல பத்தடிய ஒடச்சு எடு. கணக்கு சரியாப் போச்சு, விதிவிலக்கு கையில. நூறு கோப்புல பாத்திருக்கேன். யாரு வேணா எந்திரிச்சு மூணு நிமிஷம் பேசலாம். நான் பேசறேன். இந்த ஆளுக்கு வண்டிப்பாதைய தாராளமாக் குடுங்க, பதிலுக்குப் படகுக் கொட்டகைத் தளத்த எடுக்கச் சொல்லுங்கன்னு. அவனுக்குக் கெடைக்கறது லாபம். புத்தியுள்ளவன் எவனும் வேணாம்னு சொல்ல மாட்டான்."

ஹக்கலா நிமிர்ந்தார். விலா குத்தியது. "வேணாம்னு சொன்னா?"

"ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருக்கறதக் கையில குடுக்கும்போது ஒருத்தன் வேணாம்னு சொன்னா, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு நீதிபதிக்கே புரியும்."

* * *

நகராட்சிக் கூடத்தில் நாற்பது நாற்காலிகள், ஒரு பெரிய காபிப் பாத்திரம், யாரோ வீட்டில் செய்துகொண்டு வந்த எலுமிச்சை பிஸ்கட்டுகள். வாரியத்தின் தலைவி ஆர்லீன் ஸ்வேண்டா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இன்னும் எல்லாரையும் பின் சீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

டால்கார்ட் முதல் வரிசையில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். காது தக்காளி போல வீங்கியிருந்தது. ஸ்ட்ராய்க் வழக்கமான இடத்தில், கடைசி வரிசை ஓரம், இரண்டு காலையும் நேராக நீட்டி, சக்கரத்தை மடியில் சாய்த்து வைத்திருந்தார்.

மேவிஸ் எழுந்தாள். இரண்டரை நிமிஷத்தில் முடித்தாள். திருட்டுத் தளம் என்று கேட்டதும் கூடம் சலசலத்தது. டால்கார்ட் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் இன்னொரு பல் போனாலும் பரவாயில்லை என்ற வெறி இருந்தது.

ஆர்லீன் இரண்டு பக்கமும் குனிந்து கிசுகிசுத்தாள். நிமிர்ந்தாள். "டால்கார்ட், அனுமதி இல்லாம தளம் போட்டதுக்கு உன்னைத் தூக்கி வெளிய போடணும். ஆனா அதை ஒடச்சு எடுத்துட்டா நீ கேட்ட வண்டிப்பாதை தரலாம்னு வாரியம் நெனைக்குது. சம்மதமா?"

ஹக்கலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெளிறும் என்று காத்திருந்தார். கண் தரைக்குப் போகும், நாக்கு உதட்டை நக்கும், பொய் சொல்லப்போகிறவனின் தொண்டை ஏறி இறங்கும்.

டால்கார்ட் பஞ்சைத் துப்பினான். "அவ்வளவுதானா? நாளைக்குக் காலைல ஒடச்சிடறேன். இன்னிக்கே வேணும்னாலும் சரி. எப்படியும் விரிசல் விட்டு நாசமாப் போச்சு."

கூடம் சிரித்தது. ஹக்கலா நாற்காலியில் அப்படியே தளர்ந்து சாய்ந்தார்.

"பாஸ்," என்றாள் மேவிஸ் வாயசைக்காமல், "நம்ம கொலைகாரன் ரொம்ப நல்லவனா இருக்கானே."

ஆர்லீன் மரச் சுத்தியலைத் தூக்கினாள். "அப்ப வாக்கெடுப்புக்கு..."

"ஒரு நிமிஷம்."

கடைசி வரிசை. ஸ்ட்ராய்க் சக்கரத்தை ஊன்றி எழுந்து நின்றார்.

"தலைவியம்மா, அந்தத் தளத்தை எடுக்க வேண்டியதில்லைன்னு நான் நெனைக்கிறேன். ஒடச்சா மண்ணு கலங்கும், சேறு ஏரிக்குப் போகும். மீன் முட்டை வெக்கற காலம். இருக்கறது இருக்கட்டும். வண்டிப்பாதையும் குடுத்துடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

கூடத்தில் யாரோ பிஸ்கட்டைக் கடித்த சத்தம் கேட்டது.

"லோவல்?" என்றாள் ஆர்லீன். "நீயா பேசறது? ஜுரம் கிரம் எதுவும் இல்லையே?"

பத்தொன்பது வருஷமாக இந்தக் கூடத்தில் ஒரு சதுர அடி காங்கிரீட்டுக்கும் வேண்டாம் என்று சொன்ன வாய் அது. போன வருஷம் ஒரு விதவை தன் கணவன் நினைவாகப் பதித்த மூன்று கற்களைப் பிடுங்க வைத்த வாய். ஹக்கலா திரும்பிப் பார்த்தார். மேவிஸ் ஏற்கெனவே கோப்பைப் பிரித்துவிட்டாள். விரல் கிடுகிடுவென்று காகிதங்களில் இறங்கியது.

"டாக்டர்," என்றாள் உரக்க, "உங்க புகார் எல்லாத்தையும் நான்தான் கோப்புல வெச்சேன். நான் போனப்புறம் வந்ததுக்கும் நகல் வாங்கியிருக்கேன். மொத்தம் நாப்பத்தொண்ணு. கடைசி மூணு மட்டும் படிக்கட்டுமா? ஏப்ரல் முப்பது, எதிர் வீட்டுல பறவைத் தொட்டிக்குக் கீழ ஒரு கல்லு. மே ஆறு, ரெண்டு வீடு தள்ளி நடைபாதை நாலு அங்குலம் அதிகம். மே பதினஞ்சு, தேவாலயத்து வாசல்ல ஒரு பலகைக்கல்லு." கோப்பை மூடினாள். "உங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து முப்பதடி தூரத்துல, தண்ணிய ஒட்டி, நூத்திருபது சதுர அடிக்கு ஒரு திருட்டுத் தளம் மொளச்சிருக்கு. அதுக்கு நாப்பத்திரண்டாவது புகார் எங்க டாக்டர்?"

"எனக்கு... நான் கவனிக்கல."

"காலைல கவனிச்சீங்க," என்றார் ஹக்கலா. நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்தார். "உங்க சக்கரம் அதைச் சுத்திக்கிட்டுப் போச்சு. எல்லாத்து மேலயும் உருட்டற சக்கரம்." ஒவ்வொரு வரிசையாகப் பிடித்துப் பின்னால் நடந்தார். "டாக்டர், கால்சட்டைய முழங்கால் வரைக்கும் தூக்குங்க."

"என்ன பேச்சு இது?"

"விஷக்கொடின்னா கையில வரும், கழுத்துல வரும், மொகத்துல வரும். முழங்கால் ரெண்டுல மட்டும் வட்டமா வராது. ஈரக் காங்கிரீட்டுல முழங்கால் பட்டை கட்டாம மண்டி போட்டவனுக்குத்தான் அங்க சிமெண்ட் அரிச்ச புண்ணு வரும். மொத நாள் ஒண்ணும் தெரியாது, மறுநாள் தோலு உரிஞ்சு சதை தெரியும். எனக்குப் பதினாறு வயசுல வந்துது. அன்னிலேர்ந்து அந்த நடை எந்தத் தெருவுல போனாலும் எனக்குத் தெரியும்." அவருக்கு எதிரே வந்து நின்றார். "பல்லுக்கு மெருகு போட்டு மெருகு போட்டு, வழவழப்புதான் நல்ல வேலைன்னு உன் கைக்குப் பழக்கம். இல்லையா?"

ஸ்ட்ராய்க் சக்கரத்தைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான்.

இரும்பு விளிம்பு புருவத்தைப் பிளந்தது. ஹக்கலா நாற்காலிகளோடு சரிந்தார். யாரோ அலறினார்கள். காபிப் பாத்திரம் கவிழ்ந்தது. ரத்தத்தைத் துடைத்துப் பார்ப்பதற்குள் வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது, சக்கரம் மட்டும் தரையில் கிடந்து சுற்றியது.

"எங்க போவான்?" என்றாள் மேவிஸ், அவரைத் தூக்கி நிறுத்தி.

"தளத்துக்கு. வேற எங்க போவான்? பத்தொம்பது வருஷமா அவனுக்கு ஏரியத் தவிர எடம் ஏது?"

பின்னாலிருந்து ஒரு பெரிய கை ஹக்கலாவின் தோளைப் பிடித்தது. டால்கார்ட். முகம் சாம்பலாகியிருந்தது. "அந்தப் பையன்... என் தளத்துக்கு அடியிலயா?"

"ஆமா."

"நான் அதுமேல நாற்காலி போட்டு பீர் குடிச்சேன்யா," என்றான் டால்கார்ட். "என் வண்டில ஏறு. சம்மட்டி இருக்கு."

* * *

வெயில் இன்னும் சாயவில்லை. ஏரி தகதகத்தது. ஸ்ட்ராய்க் தளத்தின் நடுவில் நின்றிருந்தான், கையில் மூன்றடி இரும்பு முளை. பலகை கட்டும்போது தரையில் அடிக்கிற முளை. அதன் தலையில் பழைய ரத்தக் கறை இருந்தது.

"தொடக் கூடாது!" என்று கத்தினான். "ஒடச்சா எல்லாம் தண்ணிக்குப் போயிடும்!"

"எழுபது மூட்டை சிமெண்ட்டத் தண்ணி ஓரத்துல நீயே கலக்கினியே," என்றாள் மேவிஸ். "அப்ப மீனெல்லாம் லீவுல போயிருந்துச்சா?"

"அவன் சிரிச்சான்!" ஸ்ட்ராய்க்கின் வாயோரம் எச்சில் வழிந்தது. "நிறுத்துன்னு சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன். ஒரு தளத்துல ஏரி செத்துடுமா டாக்டர்னு கேட்டுச் சிரிச்சுட்டு முதுகத் திருப்பிக்கிட்டான். எல்லாரும் அதையேதான் சொல்றீங்க! ஒரு தளம், ஒரு தளம்! பாசி புடிச்சு நாறுது ஏரி!"

ஹக்கலா நடந்துகொண்டே இருந்தார். முளை சுழன்று இடது முழங்காலில் இறங்கியது. முப்பது வருஷ வலி முழுவதும் ஒரே நொடியில் வந்தது போல இருந்தது. விழும்போது ஸ்ட்ராய்க்கின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். துணி கிழிந்தது. இரண்டு முழங்காலிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்புப் புண். ஹக்கலா கட்டை விரலை அதற்குள் அழுத்தினார்.

அந்த அலறல் மனிதக் குரல் போலவே இல்லை. முளை மறுபடி ஓங்கியது. டால்கார்ட் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் ஏரியின் மேல் போய்த் திரும்பி வந்தது. மேவிஸ் படகுக் கயிற்றை எடுத்து அவன் காலைக் கட்டினாள். முடிச்சைப் போட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

டால்கார்ட் சம்மட்டியைத் தூக்கினான். விரிசல் வழியாகவே தளம் பிளந்தது. நாலாவது அடியில் ஒரு மூலை பெயர்ந்தது, ஏழாவதில் நடுத்துண்டு. இரண்டு பேரும் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். அடியில் ஜல்லி.

"போதும்," என்றார் ஹக்கலா. "இரும்பு எதுவும் இனிமே படக்கூடாது."

அவர் இறங்கி மண்டியிட்டார். முறிந்த விலாவோடு, வீங்கிய முழங்காலோடு, ஒரு கண்ணில் ரத்தம் வழிய, கையால் ஜல்லியை அள்ளி வெளியே போட்டார். ஷெரிஃப் வண்டி வந்து நின்றது. தொப்பி வைத்த இளம் அதிகாரி ஒருவன் ஓடி வந்தான்.

"சார், வெளிய வாங்க. எந்திரம் வருது. எந்திரம் வரட்டும்."

ஹக்கலா நிமிரக்கூட இல்லை. ஜல்லி பறந்தது. கூர்க்கல் ஒன்று நடுவிரல் நகத்துக்கடியில் ஏறியது. அள்ளிக்கொண்டே இருந்தார். மேவிஸ் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரில் மண்டியிட்டு அவளும் அள்ளினாள்.

முதலில் ஒரு சட்டைக் கை வந்தது. பிறகு வலது கை. இரண்டு நகங்கள் கோணலாக இருந்தன.

ஹக்கலா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். மண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பக்கத்தில் ஜல்லிக்குள் நசுங்கிய சாப்பாட்டு டப்பா ஒன்று தெரிந்தது. மேவிஸ் அதைத் திறக்கவில்லை.

"டார்லாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம். நான் போறேன்."

"ஓடிப்போகலன்னாவது தெரிஞ்சுதே பாஸ். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க."

ஹக்கலா கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னைத் தோண்டி எடுக்க அவனுக்குப் பதினோரு நிமிஷம்," என்றார். "அவனைத் தோண்டி எடுக்க எனக்கு இருபத்தாறு நாளு. என் உயிர அவன் குடுத்தான். அவனுக்கு நான் ஒரு உயிர் பாக்கி வெச்சிருக்கேன், மேவிஸ்."